ஏழாம் அத்தியாயம்: டஸ்ஸர் அந்தை இனங்காணுதலும் அதன் வாழ்க்கைச் சக்கரத்தைப் பின்தொடர்தலும்

மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கோலம் போடுவதற்காக வாசற்கதவைத் திறக்கும் வீட்டுப் பெண்மணி, இரவெல்லாம் எரிந்த திண்ணை விளக்கின் கீழே, விரித்த கையின் அகலத்துக்கு ஒரு செம்பழுப்பு உருவம் நான்கு கண்களால் தம்மையே உற்றுப் பார்த்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டு நிற்பதும், வீட்டார் அனைவரும் கூடி அதை வௌவால் என்றும் ஆந்தைக் குஞ்சு என்றும் வாதம் செய்வதும், வாதம் முடியுமுன்னரே யாரோ ஒருவர் துடைப்பத்தைக் கொண்டு தீர்ப்பு வழங்கிவிடுவதும், மலையடிவாரத்து ஊர்களிலும் மருதமரம் அடர்ந்த ஆற்றங்கரைக் கிராமங்களிலும் அபூர்வமான காட்சி அல்ல. அந்தத் துடைப்பத்தைத் தடுத்து நிறுத்தி, சுவரில் இருக்கும் ஜீவன் எது என்று நிச்சயமாகச் சொல்லவும், அது எங்கிருந்து எந்தெந்த ரூபங்களைக் கடந்து வந்தது என்பதை உங்கள் வீட்டு முற்றத்திலேயே பிரத்தியட்சமாகக் காணவும் வேண்டிய வழிகளை இந்த அத்தியாயம் வரிசையாகக் கூறும்.

‘அந்து’ என்றவுடன் குதிருக்குள் நெல்லை அரிக்கும் அற்பப் பூச்சிதான் நம் நினைவுக்கு வரும். அதற்குத் தூரத்துத் தாயாதி முறையாகும் இந்தப் பெருஞ்சிறகி, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா முதலிய பிரதேசங்களில் காட்டு மரங்களிலேயே வளர்க்கப்பட்டு, டஸ்ஸர் என்னும் பழுப்புப் பொன்னிறப் பட்டைத் தருவது. காஞ்சிபுரத்துத் தறியில் ஏறும் பட்டு முசுக்கட்டை இலை தின்னும் வீட்டுப் புழுவினுடையது. அதற்கும் இதற்கும் பட்டு நூற்கும் தொழில் பொதுவேயன்றிக் குடும்பம் வேறு.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இப்பூச்சியை வளர்க்க முனைந்தவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அலட்சியத்தால் நேர்பவை அல்ல, இரக்கத்தால் நேர்பவை. பசிக்குமே என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும், மூச்சு முட்டுமே என்று கூட்டைக் கத்தரிப்பதும், வெயில் படுமே என்று அலமாரிக்குள் வைப்பதும் அன்பின் காரியங்கள்தாம். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஓர் உயிரை வாங்கக்கூடியவை. ஆகவே கீழே சொல்லப்படும் படிகளில் ‘செய்க’ என்பவற்றைக் காட்டிலும் ‘செய்யாதிருக்க’ என்பவற்றை அதிக கவனத்தோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. சேகரித்து வைக்கவேண்டிய பொருள்கள்

- கைவிளக்கு, அளவுகோல், குறிப்பேடு, பென்சில்.
- பழுப்புக் காகிதப் பைகள் இரண்டு, காய்கறிக் கடையில் கிடைப்பவையே போதும்.
- மெல்லிய வண்ணத் தூரிகை ஒன்று.
- காகிதம் விரித்த, மூடியில் ஊசித் துளைகள் இட்ட சிறிய டப்பா ஒன்று.
- கொசுவலைத் துணியைத் திண்டு உறைபோல் இருபுறமும் திறந்திருக்கத் தைத்த நீண்ட பை ஒன்று. அதைக் கட்ட நூற்கயிறு.
- எல்லாவற்றிலும் முக்கியமாக, கை எட்டும் உயரத்தில் கிளைகளையுடைய நீர்மருது, கருமருது அல்லது நாட்டு வாதுமை மரம் ஒன்று. இலந்தையிலும் நாவலிலுங்கூட இப்புழு வளரும்.

*குறிப்பு:* மரத்துக்குச் சமீபத்தில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டதா என்பதை உடையவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து பட்ட இலை கண்ணுக்கு நல்ல இலையாகவே தோன்றும்; புழு அதைத் தின்ற பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

2. இனங்காணுதல்: ஆறு படிகள்

பூச்சியைத் தொடாமல், ஒரு முழத் தொலைவில் நின்றுகொண்டு, இந்த வரிசை மாறாமல் பாருங்கள்.

1. அளவு. சிறகுகள் விரிந்திருக்கையில் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை எவ்வளவு என்பதை, அளவுகோலைப் பக்கத்துச் சுவரில் வைத்துக் கணக்கிடுங்கள். டஸ்ஸர் அந்து ஏறக்குறைய 15 முதல் 18 செ.மீ. வரை இருக்கும்.

2. உணர்கொம்பு. தலையில் இருக்கும் இரு கொம்புகளும் இறகுபோல் பிரிந்திருக்கின்றனவா, நூல்போல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறகுபோல் இருந்தால் நீங்கள் பட்டு அந்துக் குடும்பத்தை நெருங்கிவிட்டீர்கள். குமிழ் நுனியுடைய நூலாக இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி.

3. வாய். தலையின் கீழே கடிகார வில்போல் சுருண்ட உறிஞ்சுகுழல் இருக்கிறதா? பட்டு அந்துகளுக்கு அது கிடையாது. சிறகு முளைத்த பின் இவை ஒரு துளி தேனும் உண்பதில்லை.

4. கண்பொட்டு. நான்கு சிறகுகளிலும், சிறகுக்கு ஒன்றாக, வட்டமான பொட்டு இருக்கவேண்டும். அதன் நடுவில் செதில்கள் இன்றி, கண்ணாடிபோல் அப்பால் தெரியும் ஒரு சிறு சாளரமும், அதைச் சுற்றி வளையங்களும் இருக்கவேண்டும். இது டஸ்ஸருக்குரிய நிச்சயமான அடையாளங்களுள் ஒன்று.

5. முன்சிறகின் மேல்விளிம்பு. தலையிலிருந்து சிறகு நுனியை நோக்கிச் சாம்பல் நிறப் பட்டை ஒன்று ஓடுவதைக் கவனியுங்கள்.

6. நிறம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆண் பெரும்பாலும் செங்கல் நிறத்திலும், பெண் மஞ்சளாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருப்பதால், நிறத்தை முதலில் பார்ப்பவர் ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாக எழுதிவிடுகிறார்.

3. மயங்கவைக்கும் மூவர்

*அட்லஸ் அந்து.* டஸ்ஸரினும் பெரியது. சாளரம் வட்டமாயிராமல் முக்கோணமாக இருக்கும். முன்சிறகின் நுனி நாகத்தின் தலையைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் வளைந்திருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் இனத்துக்கு, இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரான தாப்ரபனேயைக் கொண்டே ‘தாப்ரபானிஸ்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். வட இந்திய மலைச்சாரலிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருப்பது அதன் சகோதர இனம்.

*நிலா அந்து.* இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இளம்பச்சைச் சிறகு, வெண்பஞ்சு போன்ற உடல், பின்சிறகுகளிலிருந்து நீண்டு தொங்கும் இரு வால்கள். ஒதியமரத்தில் வளரும் இதன் புழுவை அடுத்தடுத்த பருவங்களில் கண்டால், சிவப்பாகப் பிறந்து பச்சையாக முதிர்வது இனிய காட்சியாகும்.

*ஆந்தை அந்து.* உண்மையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். கரும்பழுப்பு நிறமும், பெரிய உருவமும், கண்பொட்டும் உண்டு; ஆனால் பொட்டு முன்சிறகில் மட்டுமே இருக்கும், உணர்கொம்பு நூல்போல் இருக்கும், சுருண்ட உறிஞ்சுகுழலும் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது படிகளைத் தாண்டி நேராக நான்காவதுக்குச் செல்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

*குறிப்பு:* டஸ்ஸர் அந்துக்கு நூல்களில் இரு விஞ்ஞானப் பெயர்களைக் காண்பீர்கள். 1758-இல் லின்னேயஸ் இட்டது ‘பாஃபியா’. 1773-இல் ட்ரூரி இட்டது ‘மிலிட்டா’. இரண்டும் ஒன்றே என்பாரும் வேறு என்பாரும் அறிஞர்களிடையே இருப்பதால், குறிப்பேட்டில் ‘அந்தீரியா’ என்ற பேரினப் பெயரை எழுதி, பிடித்த இடத்தையும் நாளையும் மரத்தையும் சேர்த்துவிட்டால் போதுமானது.

4. ஆணா, பெண்ணா?

ஆணின் உணர்கொம்பு அகன்ற இறகு. பெண்ணுடையது குறுகிய இறகு. ஆணின் வயிறு மெலிந்தும், முன்சிறகின் நுனி அதிகம் வளைந்தும் இருக்கும். பெண்ணின் வயிறோ, முட்டைச் சுமையால், முந்திரிப் பழம்போல் உப்பியிருக்கும்.

இந்த வித்தியாசத்தின் பிரயோஜனம் இராத்திரியில் விளங்கும். பெண் ஓரிடத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டு, மனித மூக்குக்கு எட்டாத ஒரு வாசனையைக் காற்றில் விடுகிறது. ஆண் தன் அகன்ற கொம்புகளால் அதைப் பற்றிக்கொண்டு வெகு தொலைவிலிருந்து வருகிறது. பிரான்ஸ் தேசத்துப் பூச்சியறிஞர் ழான் ஆன்றி ஃபாபர், தம் வீட்டில் கூட்டிலிருந்து வெளிவந்த பெரிய மயில் அந்து ஒன்றைக் கம்பிவலைக் கவிப்பின் கீழ் வைத்திருந்தபோது, அன்றிரவே ஏறக்குறைய நாற்பது ஆண்கள் வீடு தேடி வந்ததை வியப்போடு எழுதிவைத்திருக்கிறார். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகையால், விளக்கடியில் வந்தது ஆண் என்றால் அன்றே விட்டுவிடுங்கள். அதற்கு வேலை இருக்கிறது. பெண்ணாக இருந்தால் மாத்திரம் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

5. முட்டை: முதல் பத்து நாள்

1. மாலையில், காகிதப் பையின் வாயைப் பெண் அந்தின் தலைக்கு முன்னே பிடித்து, பின்னாலிருந்து ஒரு காகிதத் துண்டால் மெல்லத் தள்ளுங்கள். அது தானாகவே உள்ளே நடந்து செல்லும். சிறகைப் பிடித்துத் தூக்காதீர்கள். அதன்மேல் பொடிபோல் ஒட்டும் செதில்கள் ஒருமுறை உதிர்ந்தால் மறுபடி முளைப்பதில்லை.

2. பையின் வாயை மடித்து, காற்றோட்டமான நிழலில் ஓரிரவு வைத்து, மறுநாள் மாலையில் அந்தை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதற்கு இரண்டாவது இரவும் பையில் கழியக்கூடாது. பெண்ணின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். மிச்சமுள்ள முட்டைகளை அது காட்டு மரத்தில் இடவேண்டும்.

3. பையின் உட்புறத்தைப் பாருங்கள். சுமார் 3 மி.மீ. நீளமுள்ள, சற்றுத் தட்டையான, பசைப்பூச்சினால் கரும்பழுப்பாகத் தோன்றும் முட்டைகள் ஒட்டியிருக்கும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் பக்கங்களில் இணையாக ஓடும் இரு பழுப்புக் கோடுகள் தெரியும்.

4. முட்டைகளைச் சுரண்டி எடுக்காதீர்கள். அவை ஒட்டியிருக்கும் காகிதத்தையே கத்தரித்து டப்பாவில் வையுங்கள்.

5. இருபது முட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மீதியை, அந்து கிடைத்த இடத்தருகே உள்ள மருதமரத்து இலையடியில் காகிதத்தோடு குத்திவைத்துவிடுங்கள். இருபது புழுக்கள் முதிர்ந்த பருவத்தில் ஒரு கிளையையே மொட்டையாக்கிவிடும் என்பதை அனுபவத்தில் அறிவீர்கள்.

எட்டு முதல் பத்து நாளுக்குள் முட்டை பொரிக்கும். பத்து நாள் கடந்தும் பொரியாமல், முட்டையின் நடுவில் குழி விழுந்திருந்தால், அந்தப் பெண் ஆணைச் சேராமலே முட்டையிட்டது என்று கொள்ளலாம், குற்றம் உங்களுடையதல்ல.

6. புழு: ஐந்து பருவங்களும் நான்கு உறக்கங்களும்

முட்டையிலிருந்து வரும் புழு கருந்தலையும் மங்கிய மஞ்சள்பழுப்பு உடலும் கொண்ட ஒரு துணுக்கு. தன் முட்டையோட்டின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டே அது இலையைத் தேடும். அதுவரையில் அதற்கு இலை ஊட்ட அவசரப்படாதீர்கள்.

1. மாற்றுதல். தூரிகையின் நுனியால் மெல்லத் தொட்டு, புழு தானே தூரிகைமேல் ஏறும்படி செய்து, மரக்கிளையின் இளந்தளிரில் விடுங்கள். விரலால் கிள்ளி எடுப்பது கூடாது.

2. உறையிடுதல். வலைப்பையைக் கிளையின்மேல் செலுத்தி, அடிப்புறத்தையும் நுனிப்புறத்தையும் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கட்டுமுன் உள்ளே சிலந்தி, கும்பிடுபூச்சி, எறும்பு எதுவும் இல்லை என்று இலை இலையாகப் பார்த்துவிடுங்கள். ஒரு சிலந்தியை உள்ளே வைத்துக் கட்டுவது, ஆட்டுமந்தையோடு ஓநாயைப் பட்டியில் அடைப்பதற்கு ஒப்பாகும்.

3. ஒரே இலை. மருதில் தொடங்கிய புழுவை மருதிலேயே முடியுங்கள். ஒரு மரத்தின் இலைக்குப் பழகிய புழு, மற்றொன்றை எளிதில் ஏற்பதில்லை. பட்டினி கிடந்து மடிவதும் உண்டு.

4. உறக்கம். சில நாளுக்கு ஒருமுறை புழு தின்பதை நிறுத்தி, கிளையில் சிறிது பட்டு நூலை விரித்து அதைக் கால்களால் பற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, தியானத்தில் அமர்ந்ததுபோல் ஒரு நாளோ அதற்கு மேலோ அசையாதிருக்கும். நோய் என்று எண்ணித் தொட்டுவிடாதீர்கள். பழைய தோல் அந்த நூலில் மாட்டியிருந்தால்தான் புழு அதிலிருந்து முன்னோக்கி நழுவி வெளியேற முடியும். அந்த நிலையிலிருந்து பெயர்த்தெடுத்தால் தோல் பாதியிலேயே சிக்கி, புழு இறந்துபோகும். இவ்வாறு நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்தை அடையும்.

5. கிளை மாற்றுதல். உறையிலுள்ள இலை முக்கால் பங்கு தீர்ந்தவுடன் புதுக் கிளைக்கு மாற்றுங்கள். உறங்கும் புழு இருந்தால் அது ஒட்டியிருக்கும் சிறு கிளையையே வெட்டிப் புதுக் கிளையில் கட்டிவிடுங்கள்.

6. புழுக்கையை உதறுதல். இரண்டு நாளுக்கு ஒருமுறை உறையின் கீழ்முடிச்சை அவிழ்த்து, சேர்ந்த புழுக்கையை உதறுங்கள். மழைநாளில் அது ஊறிப் பூசணம் பிடித்தால் நோய் தொடங்கும்.

இரண்டாம் பருவத்திலிருந்து புழு பச்சை நிறம் கொள்ளும். ஐந்தாம் பருவத்தில் உள்ளங்கையை நீளத்தால் மிஞ்சும் அந்தப் பச்சைப் புழுவின் பக்கங்களில் மஞ்சட் கோடு ஒன்று ஓடுவதும், வெள்ளித்தகட்டைச் சிறு துண்டுகளாக்கி ஒட்டியதுபோல் பொட்டுகள் பளபளப்பதும், காலையிளவெயிலில் காணவேண்டிய அழகு. அந்து ஒரு துளியும் உண்பதில்லை என்று மேலே சொன்னோமல்லவா? அதன் சிறகும், பறக்கும் வலிமையும், முட்டையும், ஆணை அழைக்கும் வாசனையும் யாவும் இந்த ஐந்தாம் பருவத்துத் தீனியிலிருந்தே வரவேண்டும். ஆயுட்காலத்து ஆகாரத்தில் மிகப் பெரும்பகுதியை அது இப்போதுதான் உண்கிறது. இந்நாட்களில் ஒரு வேளை இலை தவறினாலும் அதன் நஷ்டம் பின்னர் சிறகில் தெரியும்.

புழுப்பருவம் மழைக்காலத்தில் ஏறக்குறைய ஐந்து வாரம். குளிர்காலத்தில் இதைவிட நீளும்.

*நோயும் பகையும்:* புழுவின் தோலில் வெண்பொட்டுப்போல் சிறு முட்டை தென்பட்டால், ஊசி ஈ என்னும் ஒட்டுண்ணி இட்டது என்று அறியுங்கள். வலையின் கண்கள் சிறியனவாக இருந்தால் இந்த அபாயம் வராது. புழு கறுத்துக் குழைந்து தலைகீழாகத் தொங்கினால் தொற்றுநோயாகும். அதை இலையோடு எடுத்து எரித்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே மற்ற புழுக்களை நெருங்குங்கள்.

7. கூடு: காத்திருக்கும் காலம்

தீனி முடித்த புழு வயிற்றைக் காலி செய்துவிட்டு அமைதியின்றி அலையும். அந்த அலைச்சல் பசியல்ல; இடம் தேடல். முதலில் சில இலைகளை நூலால் இழுத்துச் சேர்த்து மறைவு செய்துகொண்டு, அடுத்து ஒரு சிறு கிளையைச் சுற்றிப் பட்டினாலேயே மோதிரம்போல் வளையமிட்டு, அந்த வளையத்திலிருந்து கெட்டியான காம்பு ஒன்றை இறக்கி, அக்காம்பின் முனையில் முட்டை வடிவமான கூட்டை நெய்யும். கிளையில் மோதிரமும் காம்பும் கொண்டு காய்போல் தொங்கும் கூட்டைக் கோடைக்காலத்தில் இலையுதிர்ந்த மரத்தில் கண்டால், அந்தையே பாராமல் டஸ்ஸர் என்று சொல்லிவிடலாம். அட்லஸ் அந்தின் கூடோ இலையில் சுற்றியிருக்கும். அதன் ஒரு முனை திறப்பாகவே அமைந்திருக்கும்.

1. கூடு கட்டும் சில நாள்களும் உறையை அசைக்காதீர்கள்.
2. கூடு கெட்டியான பிறகு பத்து நாள் கழித்து, கிளையை மோதிரத்தின் இருபுறமும் வெட்டி, கூட்டை அதன் காம்பிலேயே தொங்கும்படி கயிற்றில் கட்டுங்கள்.
3. மழைச்சாரலும் காற்றும் படும், நேர்வெயில் படாத தாழ்வாரத்தில், எலியும் எறும்பும் எட்டாதவாறு தொங்கவிடுங்கள். வறண்ட நாட்களில் வாரம் இருமுறை நீர் தெளியுங்கள்.
4. கூட்டுக்குக் கீழே குறைந்தது ஒன்றரைச் சாண் வெற்றிடம் இருக்கவேண்டும். காரணம் பின்னர் வரும்.

சில கூடுகள் சில வாரங்களில் திறக்கும். சில, வறட்சியையும் குளிரையும் உள்ளேயே உறங்கிக் கழித்துவிட்டு, அடுத்த மழையில்தான் திறக்கும். இதனால்தான் இடத்துக்கு இடம் ஆண்டுக்கு ஒரு தலைமுறையாகவும், இரண்டாகவும், மூன்றாகவும் இப்பூச்சி வாழ்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல உங்கள் மனத்தில் சந்தேகம் வளரும். கூட்டை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள்: கனமாக இருந்தால் உயிரோடிருக்கிறது, உலர்ந்த காய்போல் இலேசாகி, ஆட்டினால் கலகலவென்று ஒலித்தால் இறந்துவிட்டது. மாதம் ஒருமுறைக்கு மேல் இந்தச் சோதனையும் வேண்டாம்.

8. வெளிவருதல்: ஓரிரவின் வேலை

பெரும்பாலும் மாலை மயங்கிய பிறகு, கூட்டின் காம்புப்புற முனையில் ஈரம் பரவும். கல்போன்ற அந்தச் சுவரை அந்து கடிப்பதில்லை, வாய்தான் இல்லையே. பட்டை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கும் ஒரு நொதியை முகத்திலிருந்து சுரந்து, நெகிழ்ந்த நூல்களை விலக்கிக்கொண்டு வருகிறது. இந்த நொதியின் செயலை 1964-இல் கஃபாட்டோஸ், வில்லியம்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் இந்தப் பேரினத்து அந்துகளைக் கொண்டே விளக்கினார்கள்.

வெளிவந்த அந்தின் சிறகுகள் கசங்கிய ஈரத்துணிபோல் கட்டைவிரல் அளவே இருக்கும். அது கூட்டையோ கிளையையோ பற்றித் தொங்கிக்கொண்டு, உடலிலுள்ள திரவத்தைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்த, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரைமணி நேரத்தில் சிறகுகள் தழைந்து இறங்கும். ஒன்றரைச் சாண் வெற்றிடம் இதற்காகவே. சிறகு இறங்கும்போது அடியில் தடை இருந்தால், அது மடிந்தபடியே காய்ந்து, அந்து ஆயுள் முழுதும் பறக்கமாட்டாமல் போகும். பிறகு பழுப்பு நிறமான திரவம் ஒன்றைப் பீச்சும். அது கழிவேயன்றி இரத்தமல்ல, அஞ்சவேண்டாம்.

என் முதல் ஆண்டு அனுபவத்தை இங்கே மறைப்பது நேர்மையாகாது. ஊறுகாய் ஜாடி ஒன்றில் கூட்டை வைத்து மேசைமேல் பத்திரமாகக் காத்திருந்தேன். ஓரிரவு அந்து வெளிவந்து, வழுக்கும் கண்ணாடியில் பற்றுக்கோடின்றி ஏறுவதும் விழுவதுமாக இருந்து, விடியும்போது சிறகுகள் சுருண்ட பூவிதழ்கள்போல் உறைந்துவிட்டன. அடுத்த கூட்டையாவது காப்பாற்றவேண்டும் என்ற பதற்றத்தில், ஈரம் தோன்றிய உடனே கத்தரிக்கோலால் முனையை வெட்டி உதவினேன். கத்தரிக்கோலின் நுனி அந்தின் சிறகடியில் பட்டுவிட்டது. இரண்டு அந்துகளும் என் அன்பினாலேயே கெட்டன. மூன்றாவது கூட்டைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அது ஒருவர் துணையுமின்றி வந்தது.

9. மீண்டும் மீண்டும் நேரும் தவறுகள்

- *அந்துக்குத் தேனும் பழமும் வைப்பது.* வாயில்லாதது உண்ணாது. எறும்புதான் வந்து சேரும்.
- *பிளாஸ்டிக் பையில் அடைப்பது.* வியர்த்த ஈரத்தில் சிறகு ஒட்டிக்கொள்ளும்.
- *அந்துருண்டை வைத்த அலமாரியில் கூட்டை வைப்பது.* பெயரே சொல்கிறது, அது அந்தைக் கொல்வதற்கு என்று.
- *வெட்டிய கிளையைத் திறந்த வாய்ச் சொம்பில் வைப்பது.* புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கும். வாயைப் பஞ்சினால் அடையுங்கள்.
- *அடிக்கடி எடுத்துக் காட்டுவது.* உறவினர் வரும்போதெல்லாம் புழுவைக் கையில் எடுத்துக் காட்டாதீர்கள். அவர்களை மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

10. பாதுகாப்பு

1. டஸ்ஸர் புழுவால் மனிதருக்குத் தீங்கில்லை. ஆனால் தெரியாத புழு எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். முருங்கையில் கூட்டமாக அடையும் கம்பளிப்புழுவின் மயிர் பட்டால் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். இலையோடு ஒட்டிய நத்தைபோன்ற முட்புழுக்கள் கொட்டும். பட்டால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து மயிரை அகற்றி, சோப்பு நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.
2. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்து சிறகடிக்கும் அறையில் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளவேண்டும், செதில்பொடி ஆகாது.
3. இரவில் மரத்தடிக்குச் செல்லும்போது செருப்பும் கைவிளக்கும் இன்றிச் செல்லாதீர்கள். அந்தைத் தேடி மேலே பார்ப்பவர் பாம்பைக் கீழே பார்க்கமாட்டார்.
4. சரணாலயத்திலும் காப்புக்காட்டிலும் முட்டையோ கூடோ எடுப்பதற்கு வனத்துறையின் அனுமதி அவசியம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அறியாதவர் என்று யாரையும் விட்டுவிடாது. உங்கள் தோட்டத்திலும் விளக்கடியிலும் கிடைப்பவையே பாடத்துக்குப் போதும்.

11. விடைகொடுத்தல்

ஆணாயின், சிறகு உலர்ந்த அன்றிரவே பறக்க விட்டுவிடுங்கள். பெண்ணாயின், கொசுவலைக் கூண்டில் வைத்துத் தாழ்வாரத்தில் ஓரிரவு தொங்கவிடலாம். சுற்றுவட்டாரத்தில் ஆண் இருந்தால் வந்து வலைக்கு வெளியே சிறகடிக்கும். அது வந்தவுடன் கூண்டைத் திறந்து, இரண்டையும் மரத்தில் விட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். வேற்றூரிலிருந்து தருவித்த முட்டையில் வளர்ந்த அந்தை மாத்திரம் உங்கள் ஊரில் விடலாகாது. எடுத்த இடமே விடும் இடம்.

குறிப்பேட்டில் நான்கு தேதிகள் இருக்கவேண்டும்: முட்டை இட்ட நாள், பொரித்த நாள், கூடு கட்டிய நாள், அந்து வெளிவந்த நாள். இவற்றின் பக்கத்தில், நீங்கள் குறுக்கிட்ட சந்தர்ப்பங்களையும் ஒளிவின்றி எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பட்டியல் குறைந்திருந்தால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். திறந்த கூட்டை எறிந்துவிடாமல், மோதிரமும் காம்பும் சிதையாது, வாசல் விளக்கின் கீழ் ஓர் ஆணியில் மாட்டிவையுங்கள். அடுத்த மழையில் வீட்டார் துடைப்பத்தைக் கையிலெடுக்கும்போது, காட்டிச் சொல்வதற்கு உங்களிடம் அது இருக்கும்.